ஹெலன் அக்கா கோடு போடாத பெயர்

திங்கட்கிழமை காலை மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் கிளம்ப இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஹெலன் அக்காவின் ஜன்னலோர இருக்கையில் வழக்கம்போல் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். சுகுணாவுக்குப் போன் வந்தது. "ஆமா, ஆமா" என்று மட்டும் சொன்னாள். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "அக்கா போய்ட்டாங்களாம். காலையில எழுந்துக்கவே இல்லியாம். டேனியல் பேசனாரு" என்றாள். டேனியல் அக்காவின் தம்பி. நானும் சுகுணாவும் இறங்கிக்கொண்டோம். வண்டி அதன் நேரத்துக்குப் புறப்பட்டுப் போயிற்று. கைக்குட்டையும் அதோடு பெங்களூர் போய்விட்டது.

நினைவுத் தாள் ஒன்று அச்சடித்து நம் பெட்டியில் எல்லாருக்கும் கொடுப்பது என்று முடிவானபோது, "நீதானே பிழை திருத்தறவன், நீயே எழுது" என்று வேலையை என் தலையில் கட்டினீர்கள். எழுதுகிறேன். ஆனால் அக்காவின் அருமை பெருமைகளோடு இன்னொரு விஷயமும் இதில் வரும். முனிரத்தினம் அண்ணனின் பெயர் இந்தப் பெட்டியில் கெட்டு மூன்று வருடமாகிறது. கெடுத்தவன் நான். அதைச் சரிசெய்யாமல் அக்காவைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுத முடியாது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெலன் ஜெயசீலி பெங்களூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் க்ளெய்ம் பிரிவில் இருந்தார். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "டைம் இல்லப்பா, கேஸு நெறைய கீது" என்பார். கேஸ் என்றால் ஆபீஸ் கேஸ் இல்லை. அவர் மடியில் ஒரு லேப்டாப் இருக்கும், லேப்டாப்பில் ஒரு கொலை இருக்கும். துப்பறியும் கேம்கள் என்றால் அக்காவுக்கு உயிர். சர்ச்சில் பெண்கள் சங்கச் செயலாளர், பைபிள் வசனம் தலைகீழாகத் தெரியும், விஷத்தின் வகைகளும் அதே அளவுக்குத் தெரியும்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடுவோம். அக்கா, நான், வங்கியில் வேலை பார்க்கும் சுகுணா, ஒயிட்ஃபீல்டில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த முனிரத்தினம் அண்ணன். மாரிகுப்பத்தில் வண்டி நகர்ந்ததும் லேப்டாப் திறக்கும். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறினால் கையைக்கூட அசைக்க முடியாது என்பதால் அங்கே மூடிவிட வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் துப்பறிதல். மிச்சம் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டும் இடித்துக்கொண்டும் வாக்குவாதம். ஒரு கொலையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம்வரைகூட ஆகும். அந்த மாதம் முழுக்க யார் எங்கே இருந்தார், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அக்காவின் நீல அட்டை நோட்டில் ஏறும்.

நான் முதன்முதலில் சேர்ந்துகொண்ட கேம் ஒரு மலைமேல் ஓட்டலில் நடப்பது. வெளியே பனி, உள்ளே முதலாளி செத்துக் கிடக்கிறார், ஏழு பேர்மேல் சந்தேகம். பத்தாவது நிமிடத்திலேயே, "சமையல்காரன்தான், கத்தி அவன்கிட்டதான் கீது" என்று நான் கூவினேன். அக்கா நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "இருக்கட்டும். யாரு செஞ்சாங்கன்னு அப்பால பாக்கலாம். யாரு செய்யலன்னு மொதல்ல சொல்லு" என்றார். ஏழு பேரின் பெயரையும் வரிசையாக எழுதினார். குற்றமில்லை என்று உறுதியானவரின் பெயர்மேல் மட்டும் ஒரு கோடு போடுவார், பக்கத்தில் காரணமும் எழுதுவார். ஒரே ஒரு பெயர் மிஞ்சும்வரை, திரையின் மூலையில் சிவப்பாக இருக்கும் குற்றம் சாட்டும் பட்டனை யாரும் தொடக் கூடாது. சமையல்காரன் பெயர்மேல் கோடு விழ எட்டு நாள் ஆயிற்று.

இந்த முறை அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் வரவு பார்க்கும் டைம் ஆபீஸ் ஆள். கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் இறங்கும் ஒவ்வொருவரும் ஆணியிலிருந்து தன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஷிஃப்ட் முடிந்து ஏறியதும் திரும்ப மாட்ட வேண்டும். கீழே பாறை இடிந்தது என்று செய்தி வந்தால் மேலே எல்லாரும் பெயர் சொல்லி அலறுவார்களாம். அப்பா அலறமாட்டாராம். வந்தவர்களின் டோக்கனை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே இருப்பாராம். "காலியா கீற ஆணிய பாத்தா போதும்பாரு. அவசரப்பட்டு ஒருத்தன் பேர சொல்லிட்டா அவன் வூட்ல அழ ஆரம்பிச்சிடுவாங்க இல்ல?" என்று அக்கா சொன்னார். அதைச் சொன்னபோதும் ஒரு கையால் முறுக்கு தின்றுகொண்டுதான் இருந்தார்.

எந்தக் கேமை வாங்கலாம் என்று பலரும் அவரைக் கேட்பார்கள். படம் எப்படி, கதை எப்படி என்றெல்லாம் அவர் பேச மாட்டார். "தப்பா ஒருத்தர் பேர சொல்லு. அது இன்னா பண்ணுதுன்னு பாரு" என்பார். தவறு, மறுபடி முயற்சி செய் என்று உடனே காட்டும் கேமை அவர் மதிக்கவே மாட்டார். ஏழு பேரையும் வரிசையாக அழுத்தினால் ஏழாவது சரியாகிவிடும், அதற்குப் போலீஸ் எதற்கு, பரீட்சைத் தாளே போதும் என்பது அவர் கட்சி. அவருக்குப் பிடித்த கேம் ஒன்றில் தவறாகச் சொன்னால் எதுவுமே நடக்காது. கேம் பாராட்டிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடும். நான்கு வழக்கு தள்ளி, முதல் வழக்கில் நாம் கைகாட்டிய தபால்காரரின் மனைவி ஒரு கடையில் கூலிக்குச் சாமான் கட்டிக்கொண்டு நிற்பாள். நாம் பேசப் போனால் திரும்பிக்கொள்வாள். அவ்வளவுதான். "இது ஆடறதுக்கு லாயக்கு" என்று அக்கா நோட்டில் அடிக்கோடிட்டார். அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

இனி என் கதை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் வீட்டுக்கு வந்து பார்த்தால் என் போனைக் காணோம். கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். அன்று மாலை வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முனிரத்தினம் அண்ணன். அவருடைய போன் கண்ணாடி உடைந்து ஒரு வாரமாயிருந்தது. என் போன் என்ன மாடல் என்று அவர் விசாரித்திருந்தார். அன்று மாரிகுப்பம்வரை வராமல் பங்காருபேட்டையிலேயே இறங்கிவிட்டார். நான்கு தடயம்! இத்தனை கேம் ஆடியவன் நான், இது எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

மறுநாள் காலை பெட்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது அவரிடம் நேரடியாகக் கேட்டேன். "அண்ணா, போன எடுத்தது நீங்கதானே? குடுத்துடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவர் முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. அக்கா என் கையைப் பிடித்தார். "சேகரு, வேணாம். கடைசியா எப்ப பாத்தே அத? நெஜமா பாத்தியா, பாத்தா மாதிரி கீதா?" நான் காதில் வாங்கவில்லை. நான்கு தடயத்தையும் உரக்கச் சொன்னேன். அண்ணன் எழுந்து தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், எண்ணெய்க் கறை படிந்த சட்டை, ஒரு துண்டு, கண்ணாடி மாற்றிய அவருடைய பழைய போன். "பங்காருபேட்டையில ரிப்பேருக்கு எறங்கனேன். பாத்துக்கோ சேகரு, நல்லா பாத்துக்கோ" என்றார். சாமான்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போனார்.

பேச்சு அவருக்கு முன்னால் அந்தப் பெட்டிக்குப் போயிருந்தது. அவர் வந்து நின்றால் பைகள் மடிக்கு ஏறின. யாரோ ஒருவர் அந்தப் பேச்சை அவர் தொழிற்சாலை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு மாதத்தில் அவர் ஒயிட்ஃபீல்டு வேலையை விட்டுவிட்டுப் பங்காருபேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். இன்றும் நம் வண்டியில்தான் போகிறார், கடைசிப் பெட்டியில்.

போன் என் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் இருந்தது. பாடப்புத்தகத் தாள் கட்டுக்கு அடியில், சார்ஜ் தீர்ந்து. சண்டை நடந்த ஐந்தாம் நாள் கிடைத்தது. வண்டியில் அதைக் கையில் வைத்திருந்தது முந்தின நாள், காணாமல் போன நாள் இல்லை. ஊரார் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகம். இந்தப் பெட்டியில் நாளைக்கு எந்த முகத்தோடு உட்காருவது என்ற பயம். போனுக்கு ஒரு சிவப்பு உறை வாங்கி மாட்டினேன். "போனது போச்சு, அதே மாடல் புதுசு வாங்கிட்டேன்" என்றேன். அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "அதே மாதிரியே கீது" என்றார். "ஆமாக்கா" என்றேன். பேச்சு அங்கே முடிந்தது.

அதற்குப் பிறகும் நாங்கள் மூன்று பேராக ஆடினோம். போன வருடம் அக்கா ஒரு கேம் கொண்டுவந்தார். மீனவர் ஊரில் படகு எரிந்து ஒருவர் இறந்திருப்பார். விசாரிக்க வந்த அதிகாரிக்குப் பத்து நாள் தவணை. ஐந்தாம் நாளே ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது, வலை விற்கும் கிழவர். அவர்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அக்கா சிவப்புப் பட்டனைத் தொடவில்லை. தினமும் போய்க் கிழவரின் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மழை வருமா, மீன் என்ன விலை என்று பேசிவிட்டு வருவார். "யக்கா, அழுத்துங்க! ஒரு வாரமா இதே பெஞ்சு" என்று சுகுணா பல்லைக் கடித்தாள். ஒன்பதாம் நாள் கிழவரே அதிகாரியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த முடிவு அந்தக் கேமில் இருப்பது அக்காவுக்கு முன்பே தெரியுமா என்று எனக்குத் தெரியாது. "ஒப்புக்கறதுக்கு ஒரு எடம் வுட்டு வெக்கணும். அதான் ஆடறதுக்கு லாயக்கான கேமு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுகுணாவைப் பார்த்துத்தான் சொன்னார். நான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டேனியல் என்னைக் கூப்பிட்டு நீல நோட்டைக் கொடுத்தார். "அக்கா உங்க பேருதான் எப்பவும் சொல்வாங்க. வெச்சிக்கோங்க" என்றார். ஓட்டல், தபால்காரர், படகு, எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் எந்தக் கேமின் பெயரும் இல்லை. அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

முனிரத்தினம். ரிப்பேர் கடையில் விசாரித்தேன், வண்டி வந்ததும் நேராக அங்கேதான் போயிருக்கிறார். கோடு. சுகுணா. எதிரில் தூங்கிக்கொண்டிருந்தாள். கோடு. கடலைக்காரர். அன்று வரவில்லை. கோடு. ஹெலன். என் பையைச் சுகுணா பார்த்தாள். கோடு. கடைசியில், சேகர். புது உறை, போன் மூலையில் பழைய கீறல்.

என் பெயர்மேல் கோடு இல்லை.

மறுநாள் பங்காருபேட்டைப் பட்டறைக்குப் போனேன். முனிரத்தினம் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் எடுக்கலன்னு அக்கா அந்த வாரமே வந்து சொல்லிட்டாங்க. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு கேக்கும் வந்துச்சி. அப்பால எடுத்தது எவன்தான்னு கேட்டேன். அவனே வருவான்னாங்க" என்றார். கையைத் துடைத்துக்கொண்டார். "மாரிகுப்பத்துலேர்ந்து பங்காருபேட்டைக்கு அரை மணி நேரம். உனக்கு மூணு வருஷம் ஆச்சா?"

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட கேட்டு இன்னா பண்றது? பொட்டி நெறைய ஆளு இருக்கும்போது சொன்னே. பொட்டி நெறைய ஆளு இருக்கும்போது சொல்லு" என்று சொல்லி மெஷினை மறுபடி ஓடவிட்டார்.

அதனால்தான் இது இந்தத் தாளில் இருக்கிறது. முனிரத்தினம் என் போனை எடுக்கவில்லை. அது என் இழுப்பறையில் இருந்தது. கிடைத்த பிறகும் நான் மறைத்தேன். நாளைக் காலை பெட்டியில் இதை நானே உரக்கப் படிக்கவும் போகிறேன்.

அக்கா போன பிறகு என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று இந்த நோட்டு, என் பெயர் அதில் அப்படியே இருக்கட்டும். இன்னொன்று ஒருவர் வருவதற்கு இடம் விட்டுவைக்கும் அவருடைய பழக்கம். இனி மாரிகுப்பத்தில் தினமும் ஒரு கைக்குட்டை கூடுதலாகக் கொண்டுவருவேன். பங்காருபேட்டைவரை அக்காவின் ஜன்னலோர இருக்கை முனிரத்தினம் அண்ணனுக்கு. வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எத்தனை நாள் காலியாக இருந்தாலும் யாரும் அதில் உட்கார வேண்டாம்.