பெரியநாயகி போட்ட கையெழுத்து

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர் பெரியநாயகிக்கு. சாமையும் மரவள்ளியும் கைவிட்ட வருஷம், கீழே புதிதாகத் திறந்த ஷூ கம்பெனி மலைக்கு வேன் அனுப்பியது. பதினோரு பெண்கள் ஏறினார்கள். அவள்தான் மூத்தவள்.

அவளுக்குப் பசைப் பிரிவு. அடிப்பாகத்தில் பசை தடவி, சூடு காட்டி ஒட்ட வேண்டும். காற்றை வெளியேற்றும் விசிறிகள் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மத்தியானத்துக்குள் தலை கனத்துவிடும். வீட்டில் களி கிண்டினாலும் பசை நாற்றம்தான் மூக்கில் இருக்கும். மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். "மேல எழுதியிருக்கும்மா" என்றார் சூப்பர்வைசர் தமிழழகன்.

பக்கத்து மேசை விஜயலட்சுமி தியாகதுருகத்துக்காரி, நான்கு மாத கர்ப்பிணி. சித்திரையில் ஒரு நாள் அப்படியே சரிந்தாள். ஷிப்ட் முடியாமல் வேனை எடுக்கக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவாம். ஒன்றரை மணி நேரம் அட்டைப்பெட்டிகளின் மேல் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கரு கலைந்திருந்தது.

செய்தி கேட்டு டிவிக்காரர்கள் வந்தார்கள். விசிறி நின்றதைச் சொல்ல முன்வந்த பெரியநாயகியிடம் முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். "நான் இன்னா திருடிட்டா வந்தேன்? தெறந்தே புடிங்க" என்றாள்.

நான்கு நாள் மாவட்டம் முழுக்க அதே பேச்சு. ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து நிர்வாக இயக்குநர் வந்தார். பசைப் பிரிவில் கால் வைத்ததுமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பெரியநாயகி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒங்களால கொஞ்ச நேரம் நிக்க முடியல. நாங்க நாளெல்லாம் இதுலதான் நின்னுக்கினு கீறோம்."

அவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த ஆர்டர் என்றைக்குக் கப்பல் ஏறும் என்று தமிழழகனிடம் கேட்டார். வாசலில் மைக் நீட்டியவர்களிடம், "வளர்ற கம்பெனின்னா நாலு பேர் பேசத்தான் செய்வாங்க. எங்களுக்குப் பழகிடுச்சு" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை வேன் மலைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. பத்துப் பெண்களும் பெரியநாயகியின் வாசலுக்கு வந்தார்கள். புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருக்கும் பெருமாயிதான் பேசினாள். "நீ சொன்னது நாயந்தான்க்கா. எங்க வூட்டு அடுப்புக்கு இன்னா பதில் சொல்ற?"

பெரியநாயகி கீழே கம்பெனிக்கு இறங்கிப் போனாள். தமிழழகன் தாளைத் தயாராக வைத்திருந்தார். விசிறிகள் நன்றாக ஓடுகின்றன, யாரோ தூண்டிவிட்டதால் பொய் சொன்னேன், வருந்துகிறேன்.

"அவங்க பத்து பேருக்கும் வேன் வரும். ஒனக்கு வேலை இல்ல."

"அந்த விசிறியயாச்சும் ஓட வுடுங்க சார்."

"என் கைல இன்னாம்மா கீது? கேட்டா, ஆர்டர் முடியட்டும்ங்கறாங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். வேன் வந்தது. அந்தத் தாளும் பேப்பரில் படமாக வந்தது. அன்றைக்கே விஜயலட்சுமி போன் செய்தாள்.

"அப்ப என் புள்ள சும்மாதான் போச்சாக்கா?"

பெரியநாயகி வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

விசிறி இன்னும் ஓடவில்லை என்று பெருமாயி சொன்னாள். ஆடி மாதம் பெரியநாயகி தியாகதுருகத்துக்குப் பஸ் ஏறினாள். விஜயலட்சுமியின் மாமியார் வாசலை மறித்து நின்று, "அவ தூங்குறா" என்றாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பெரியநாயகி கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.