அணைக்காத பர்னர்

மைசூரில் ஒரு காலைக்காட்சியில் வயதான ஓர் அம்மாவின் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. நரைத்த கொண்டை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மடியில் இறுக்கிப் பிடித்த பை. முன்னோடிப் பெண் விஞ்ஞானி ஒருவரைப் பற்றிய படம். திரையில் ஆய்வக மேசை வந்தாலே, அவருடைய வலதுகை விரல்கள் கேஸ் குழாயை மூடுவதுபோல் காற்றில் திருகும்.

இடைவேளைக்குச் சற்று முன் சோதனை வெற்றி பெற்றது. கதாநாயகி குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். அரங்கமே கைதட்டியது. இந்த அம்மா மட்டும் பாதி எழுந்துவிட்டார்.

“பேடா, பேடா!” என்று கன்னடத்தில் ‘வேண்டாம், வேண்டாம்’ எனத் தடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பர்னர் எரியுதுங்க!” என்றார்.

ஆய்வக மேசைமேல் நீலச் சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்திலேயே திறந்த ஸ்பிரிட் பாட்டில். நான் கவனிக்கவேயில்லை.

“சினிமாதானேங்க” என்றேன்.

“இருக்கட்டுங்க. நான் லேப்ல அட்டெண்டரா இருந்தவ. கண்டுபிடிச்சவங்க சந்தோஷத்துல ஓடிருவாங்க. நாமதான் போய் மூடோணும்.”

இடைவேளையில் காபி வாங்கித் தந்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். அதன்பின் எனக்கும் படத்தில் மனம் ஒட்டவில்லை. விருதும் மாலையும் வந்தபோதும் அந்த நீலச் சுடரைத்தான் திரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் கேட்டார்: “அதை யாரு அணைச்சாங்கன்னு கடைசிவரைக்கும் காட்டவே இல்லீங்களே?”

“யாராவது அணைச்சிருப்பாங்க.”

“யாருங்க?”

யோசித்துப் பார்த்தேன். படம் முழுக்க அந்த ஆய்வகத்தில் கதாநாயகியைத் தவிர வேறு யாருமே இல்லை.