பச்சக்கறி நர்மதா

நர்மதாவைச் சைவத்துக்குத் திருப்பியது மலச்சிக்கல்தான். சாமி பேரைச் சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று கணவன் மோகனசுந்தரம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அவள் கேட்டால்தானே? யார் விசாரித்தாலும், "வவுறு கட்டிப்போச்சுங்க, அதான்" என்று பந்தியில் உட்கார்ந்தே சொல்வாள்.

கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர்கள் தோட்டம். தென்னை மூன்று ஏக்கர், ஒரு எருமை, பத்துப் பன்னிரண்டு கோழி. மோகனசுந்தரத்துக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து வருகிறவன் கையில் வாரம் மூன்று நாளாவது கறியோ மீனோ இருக்கும். அதைக் கழுவி, அரைத்து, ஆக்கி, மிஞ்சியதைத் தின்றே நாற்பத்தேழு வயதை எட்டியவள் நர்மதா. ஒரு நாள் மூன்றாவது முறையாகக் கழிப்பறையிலிருந்து வெறுங்கையாகத் திரும்பி வந்தவள், பஸ் ஏறி ஜிஸ்மி டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சேச்சி, இனி பச்சக்கறி கழிச்சா மதி. மீனு வல்லப்போழும்."

மலையாளத்தில் பச்சக்கறி என்றால் காய்கறி; அதைத் தின்றால் போதும், மீன் எப்போதாவது என்கிறார். எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு இது நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். தெரியாத ஒரே ஆள் ஓரகத்தி காளியாத்தாள். மோகனசுந்தரத்தின் அண்ணன் ராஜசேகருக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது, இருப்பது எல்லாம் உடுமலைப் பக்கம்.

"டாக்டரு பச்சக்கறிதான் திங்கோணும்னு சொல்லிப்போட்டாங்கக்கா" என்று நர்மதா போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு கத்தல்.

"பச்சக் கறியவா! வேகவெக்காமயா? ஏம்புள்ள, நாயாட்டவா திங்கப் போற?"

நர்மதா பொறுமையாக விளக்கினாள். விளக்கியது தப்பாகப் போயிற்று. விஷயம் புரிந்தபின் காளியாத்தாளுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. அன்று சாயங்காலமே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்குப் பேர் வைத்தாயிற்று: பச்சக்கறி நர்மதா. கல்யாண வீட்டில், காதுகுத்தில், எழவு வீட்டில்கூட, "வா பச்சக்கறி" என்றார்கள். நண்டு சிண்டெல்லாம் "பச்சக்கறிச் சித்தி" என்று கூப்பிட்டது.

எப்படியும் கறி கிடையாத புரட்டாசியில் தொடங்கினாள். மாதம் முடிந்த மறுநாள் மோகனசுந்தரம் இரண்டு கிலோ கோழியோடு வந்து நின்றான். ஆக்கிக் கொடுத்தாள், தான் தொடவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் நரகம். பக்கத்துத் தோட்டத்தில் வறுவல் வாசனை கிளம்பினால் எருமையைத் திட்டினாள். எருமை இல்லாவிட்டால் மோகனசுந்தரத்தைத் திட்டினாள். நாலாவது வாரம் வயிறு வழிக்கு வந்தது. கொள்ளு ரசமும் பச்சைப்பயற்றுக் கடைசலும் முருங்கைக்கீரையும் நாக்கில் ஏறிவிட்டன. மாதத்தில் ஒருநாள் மட்டும் நாலு நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுத் தின்பாள். அதை ஒளிக்கவும் இல்லை. "முக்காவாசி சைவமுங்க" என்பாள்.

பூச்சிகளை அவள் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். புறக்கடைக் கறிவேப்பிலைச் செடியில் வருசா வருசம் பச்சைப் புழுக்கள் வரும். ஒரு கிளையை இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும். இத்தனை வருடமாக அவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டவள், இந்த முறை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். இலை, இலை, இலை. வேறு நினைப்பே கிடையாது. உப்புப் போதாது, புளி தூக்கல் என்ற பேச்சு இல்லை. 'நீயாச்சும் தின்னு' என்று ஒரு கிளையை விட்டுக்கொடுத்தாள். அதிலிருந்து கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட பட்டாம்பூச்சிகள் வந்தன.

தேன் குடிக்கும் சாதி, எத்தனை சுத்தம் என்று அவள் மெச்சிக்கொண்டிருந்தபோது அதில் ஒன்று செம்பருத்தியை விட்டுவிட்டு, மோகனசுந்தரம் மத்தி கழுவிக் கொட்டிய ஈர மண்ணில் போய் உட்கார்ந்தது. சுருட்டி வைத்திருந்த குழலை நீட்டி மீன் கழுவிய தண்ணீரை உறிஞ்சியது. நர்மதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி கழுத, நீயும் என்னையாட்டத்தானா!" யாரும் அதைப் பிடித்து அங்கே உட்கார வைக்கவில்லை. அதற்கு வேண்டியிருந்தது, தானாக வந்தது, குடித்தது, போயிற்று.

தை மாதம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. பங்காளிகள் எண்பது பேர். நர்மதா காலையிலிருந்து வெங்காயம் உரித்து, மிளகாய் அரைத்து, தனக்கென்று ஒரு சின்னப் போசியில் சாம்பாரும் வைத்து மூடிவிட்டு, ஆண்கள் பந்திக்குப் பரிமாறப் போனாள். கடைசிப் பந்தியில் அவள் உட்கார்ந்ததும் காளியாத்தாள் அந்தப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உக்காரு, உக்காரு. எத்தன பேருக்கு ஊத்தியிருக்கற, இன்னிக்கு நான் ஊத்தறேன்."

அந்தக் குரலில் இருந்த பாசத்தை நர்மதா நம்பினாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாவது தரம் கரண்டி வரும்போது காளியாத்தாள் பந்தி முழுக்கக் கேட்கிறமாதிரி கேட்டாள்:

"எப்புடி நர்மதா சாம்பாரு? ஈரல் வெந்த தண்ணி ரண்டு கரண்டி சேத்தேன். உன்ற சைவம் எத்தன தூரம்னு பாப்பமேன்னுதான்!"

பந்தி வெடித்துச் சிரித்தது. தண்ணீர் சொம்போடு நின்ற மோகனசுந்தரமும் சிரித்தான், தொப்பை குலுங்க.

நர்மதா வாந்தி எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சாம்பார் ருசியாக இருந்தது. இரண்டாம் தரம் அவளே கேட்டு வாங்கியிருந்தாள். சொந்த நாக்கையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டாள் அந்தப் பாவி. இலையை மடித்தாள், கை கழுவினாள்.

திரும்பி வரும்போது காரில் மோகனசுந்தரம்தான் ஆரம்பித்தான். "கருவாடு திங்கறவதான நீ? ரண்டு கரண்டி தண்ணில என்ன வந்துபோச்சு?"

"நானாத் தின்னா அது என்ற வாயி. ஏமாத்தி ஊத்துனா அது அவ கையி."

"சும்மா வெளையாட்டுக்குப் பண்ணுனது புள்ள."

"வெளையாட்டா? சேரி. நானும் ஒரு நாளைக்கு வெளையாடறேன், நீங்க சிரிங்க."

மறுநாள் கறிவேப்பிலை பறிக்கப் போனபோது இலையோடு சேர்த்து ஒரு புழுவின் மேல் விரல் பட்டுவிட்டது. அதுவரை ஆடாமல் அசையாமல் இலையோடு இலையாகக் கிடந்தது, தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. நாற்றம் குப்பென்று அடித்தது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியும் மதியச் சோறு வரைக்கும் போகவில்லை. நர்மதா அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். தலை எது வால் எது என்று தெரியாமல் கிடக்கிற இத்துனூண்டு புழு, தொட்டவளை மூன்று மணிநேரம் நினைத்துக்கொண்டிருக்க வைக்கிறது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு மாதம் அவளும் ஆடவில்லை, அசையவில்லை. போனில் காளியாத்தாளிடம் "சாப்டீங்ளாக்கா?" என்று கேட்டாள். குழுவில் பச்சக்கறி என்று யாராவது எழுதினால் கைகூப்புகிற படத்தைப் போட்டாள்.

பங்குனியில் காளியாத்தாளின் குரல் பதிவு வந்தது. அவள் மகன் கோகுல்நாத்துக்கு நிச்சயம் முடிந்திருந்தது.

"நர்மதா, வர்ற ஞாயித்துக்கெழம சம்பந்தி ஊட்டுக்காரங்க நம்ம பூர்வீக ஊடும் தோட்டமும் பாக்க வாறாங்க. இருவத்தஞ்சு பேரு. விருந்து அங்கதான். கறி எட்டுக் கிலோ வாங்கி நீயே ஆக்கிப்போடு. உன்ற கைப்பக்குவம் வேற ஆருக்கு வரும்?"

நர்மதா அதை ஏழு தரம் கேட்டாள். ஏழாவது தரம்தான் பிடிபட்டது. அதில் எங்கேயும் ஆடு இல்லை. மட்டன் இல்லை. கறி மட்டும்தான் இருந்தது. அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தேனொழுகச் சொன்னாள்: "சேரிங்கக்கா. கறி எட்டுக் கிலோ. நானே ஆக்கீர்றேன்."

சனிக்கிழமை மோகனசுந்தரம் பையைத் தூக்கினான். "கறிக்கு நான் போகட்டா?"

"சொல்லி வெச்சாச்சு. நீங்க ஷிப்டுக்குக் கெளம்புங்க."

அவனை பஸ் ஏற்றிவிட்டு நேராக ஜோபியின் பச்சக்கறிக் கடைக்குப் போனாள். சேனை, கத்தரி, பூசணி, முருங்கை, பீன்ஸ் என்று தராசில் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து ஜோபி கேட்டான்: "எந்தா சேச்சி, கல்யாணமா?"

"கருமாதி."

"அய்யோ! ஆருடெ?"

"நாளைக்குத்தான் தெரியும். கரெக்டா எட்டுக் கிலோ நிறு. ஒரு கிராம் கொறையக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் கசகசாவும் வறுத்து, கறிக்குழம்புக்கு அரைக்கிற அதே மசாலாவை அம்மியில் அரைத்தாள். வாசனை வாய்க்கால் மேடு வரைக்கும் போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிய மோகனசுந்தரம், தூக்கத்திலேயே எச்சில் விழுங்கினான்.

பத்து மணிக்குப் பட்டுப்புடவையும் மூன்று சங்கிலியுமாகக் காளியாத்தாள் வந்து இறங்கினாள். சமையல்கட்டில் கால் வைத்தால் புடவையில் வாசம் ஏறும் என்று வெளியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "வாசமே தூக்குது புள்ள." அதோடு சரி. மூடியைத் திறந்து பார்க்கவில்லை. மற்றவர்கள் ஆக்குவதை அவள் என்றைக்குத் திறந்து பார்த்தாள்?

பந்தி உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா ரத்தினசாமி முதல் இலையில். தாராபுரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறவர். மீசைக்கு மட்டும் ஒரு ஆள் போடலாம். அவருக்கு நேர் எதிரே நின்று காளியாத்தாள் அளந்தாள்.

"கடைக்கறி இல்லீங்க சம்பந்தி. எளங் கெடா. நானே முன்னால நின்னு பாத்து வெட்டச் சொன்னனுங்க. எட்டுக் கிலோ!"

நர்மதா குண்டாவைத் தூக்கி வந்து, ரத்தினசாமியின் இலையில் முதல் கரண்டியை வைத்தாள். அவர் விரலால் கிளறினார். இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். கடைசியில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்க முன்னால நின்னு வெட்டுன கெடா இதுங்களா? சேனைக்கெழங்காட்ட இருக்குது?"

காளியாத்தாள் குண்டாவை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "நர்மதா! கறி எங்கடி?"

"இதுதானுங்கக்கா. எட்டுக் கிலோ, நீங்க சொன்னபடிக்கு." நர்மதா இடுப்பிலிருந்து போனை எடுத்து, குரல் பதிவை முழுச் சத்தத்தில் வைத்தாள். *கறி எட்டுக் கிலோ வாங்கி நீயே ஆக்கிப்போடு.* "இது கேரளமுங்க. இங்க கறின்னா இதுதான் கெடைக்கும். ஆடு வேணுமுன்னா எறச்சின்னு சொல்லியிருக்கோணுங்க."

"கறின்னா கறிதான்டீ!"

"கறிவேப்பிலைலயும் கறி இருக்குதுங்கக்கா. அதுல ஆடா மேயுது?"

முதலில் சிரித்தது ரத்தினசாமி. அப்புறம் அவர் தம்பி. அப்புறம் அந்தப் பந்தி முழுக்க. தையில் கோயிலில் கேட்ட அதே சிரிப்பு. நர்மதா அதை நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் காதில் வாங்கிக்கொண்டாள். தூணோரம் மோகனசுந்தரம் இருந்தான். அவன் சிரிக்கவில்லை, தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்தினசாமி கூட வைத்திருந்த பச்சைப்பயற்றுக் கடைசலை மூன்று தரம் வாங்கினார். அவருடைய அக்கா மட்டும், "சம்பந்தி ஊட்டு விருந்துல ஒரு எலும்பு கண்ணுல படலியே சாமி" என்று கை கழுவுகிற இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். அந்த அம்மாள் ஒரு விஷயத்தைத் தாராபுரத்திலிருந்து உடுமலை வரைக்கும் அரை நாளில் கொண்டுசேர்க்கிறவள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

எல்லோரும் தோட்டம் பார்க்கப் போனபின் காளியாத்தாள் புடவையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏண்டி, வேணும்னேதான பண்ணுன?"

"ஆமாங்கக்கா."

இல்லை என்று மழுப்புவாள், அதைப் பிடித்துக்கொண்டு கத்தலாம் என்று வந்தவள், வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்ற மானமே போச்சு!"

"சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க. உங்க சம்பந்தி எத்தன தூரம்னு பாப்பமேன்னுதான்."

மறுநாள் குழுவில் யாரோ ஒரு பங்காளி வீட்டுப் பையன் எழுதியிருந்தான்: *பச்சக்கறிப் பெரியம்மா சவுக்கியமா?* கீழே பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். காளியாத்தாள் அன்றே குழுவிலிருந்து வெளியேறினாள். நர்மதாவை அதற்குப் பின் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. பேர் வண்டி மாறி உடுமலைக்குப் போய்விட்டது.

அவள் வெளியேறிய அன்று மத்தியானம் நர்மதா அடுப்பில் நாலு நெத்திலிக் கருவாட்டைச் சுட்டாள். வாசனைக்கு எழுந்து வந்த மோகனசுந்தரம் நிலையில் சாய்ந்து நின்றான்.

"அண்ணி அழுதுட்டே போன் பண்ணுச்சு. ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுப்போடு புள்ள."

"கோயில்ல நீங்க எத்தன பல்லுத் தெரியச் சிரிச்சீங்க?"

அவன் தட்டைப் பார்த்து இறங்கிய குரலில் கேட்டான்: "கருவாடு எனக்கு ரண்டு?"

"உங்களுக்குச் சேனை மிஞ்சியிருக்குது. போட்டுக்கோங்க."

புறக்கடைக் கல்லில் உட்கார்ந்து, நாலையும் ஒவ்வொன்றாக, தலையோடு மென்று தின்றாள். தட்டைக் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு அடியில் ஊற்றினாள். ஈரம் மண்ணில் இறங்குவதற்குள் ஒரு கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்து குழலை நீட்டியது.

"குடி, குடி" என்றாள் நர்மதா. "உன்ற வாயில ஆரும் ஊத்தல. நீயா வந்த."