தெற்குத் தெருவின் பங்கு

எங்கள் அண்ணன் மறைந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் குறிப்புகளைப் புரட்டியே இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பொம்மிடிக்கு அருகே, தாய்மாமன் வீட்டில். அவருக்குப் பதினான்கு வயதானபோது அப்பா காலமானார். அன்றோடு பள்ளியை விட்டு ஏர் பிடித்தார். தம்பிகள் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். மொரப்பூர்ப் பக்கத்து எங்கள் நிலத்தில் கிணறு வெட்டி மோட்டார் வைத்தது வெகுநாள் கழித்துத்தான்.

1983 கோடையில் ஊரின் குடிதண்ணீர்க் கிணறு வற்றியது. ஊராட்சி தொட்டி கட்டித் தர முன்வந்தது. தெருக்களுக்குக் குழாய் பதிக்கும் செலவை ஊர்தான் ஏற்க வேண்டும். எங்கள் ஊரில் எதற்கும் தலைக்கட்டு வரிதான். பணக்காரரோ ஏழையோ, குடும்பத்துக்கு ஒரே தொகை. கூலி வேலை செய்வோர் வாழும் தெற்குத் தெருவால் அதைக் கட்ட இயலாது. கட்டாத தெருவுக்குக் குழாய் இல்லை என்றது ஊர்.

கோயில் முன் கூடிய கூட்டத்தில் அண்ணன் எழுந்தார். "மோட்டார் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் சேத்திக் கட்டிக்கலாங்க. தெற்குத் தெருவுக்கு வரியே வேண்டாம்."

"ஏம்ப்பா, உன் மோட்டாரையும் சேத்துத்தான் சொல்றியா?" என்றார் சித்தப்பா.

"மொதல்ல என்னோடதுதாங்க."

தெற்குத் தெருவுக்காக அண்ணன் பேசியதை மறுத்தவர், அத்தெருவின் குப்பம்மாளே. "நல்ல மனசுலதாஞ் சொல்றீங்க. ஆனா வரி கட்டாதவங்களுக்கு இந்தக் கூட்டத்துல பேச்சு ஏதுங்க? ஓசித் தண்ணின்னு நாளைக்கு அடைச்சா யாருகிட்டப் போயி நிப்போம்? எங்களுக்கும் வரி போடுங்க, தாங்கற அளவுல."

அண்ணன் தம் தவற்றை அங்கேயே ஒப்புக்கொண்டார். நிலத்துக்கு ஏற்ப வரி என்றானது. தெற்குத் தெருவார் சிறு தொகை கொடுத்து, குழாய்ப் பள்ளமும் தோண்டினர். ஆடியில் தண்ணீர் வந்தது. சித்தப்பா மட்டும் வெகுநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நெஞ்சுவலியில் படுத்த அண்ணனைத் தருமபுரிக்குக் கொண்டு சென்றவர்கள், மருத்துவர்கள், உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. ஒரு நன்றியை மட்டும் தனியே சொல்ல வேண்டும்.

இறந்தவரைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவருவது பங்காளிகளின் உரிமை. அண்ணனின் இறுதிச் சடங்கன்று காலை குப்பம்மாள், தங்கள் தெருக் குழாயில் பிடித்த குடத்தோடு வாசலில் நின்றார். சித்தப்பா என்ன சொல்வாரோ என்று நான் பதறினேன். அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"வரி கட்டுன தண்ணி. உள்ள கொண்டாம்மா," என்றார்.

அந்த நீரில்தான் அண்ணனைக் குளிப்பாட்டினோம்.