சூடாகாது என்று சொல்லிவிட்டேன்

லேப்டாப் விற்கிற வேலையில் இரண்டு சூடு உண்டு: ஒன்று மெஷினின் அடியில், இன்னொன்று விற்பவரின் அடிவயிற்றில். முதலாவதற்கு இப்போது விசிறி வைத்த பலகை, மடக்கு ஸ்டாண்டு என்று கடைகளில் என்னென்னவோ தொங்குகிறது. இரண்டாவதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை. தோளில் டெமோ பையை மாட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய சக ஜீவன்களே, உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டாம். தொண்ணூறுகளின் பின்பாதியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பயந்த பயங்களில் சிலதைச் சொல்கிறேன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அந்த வார்த்தை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மூன்றரைக் கிலோ கனத்தில் ஒரு கறுப்புப் பையைக் கையில் கொடுத்தார். எங்கள் கிளைக்கு இருந்த ஒரே டெமோ லேப்டாப் அதற்குள் இருந்தது. சாயங்காலம் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும், அவர் அனுமதி இல்லாமல் எந்த வாடிக்கையாளரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது, விட்டால் அன்றைக்கே சீட்டு கிழியும் என்றார். ஆறு மாதச் சோதனைக் காலம். அது தீபாவளியோடு முடிகிறது. அதற்குள் ஒரு லேப்டாப்பாவது விற்றால்தான் வேலை நிரந்தரம்.

விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆவடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு வரன் வந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பையன் தங்கமானவன், ஒரே ஒரு நிபந்தனைதான், பெண் வேலைக்குப் போகக் கூடாது. வேலை நிரந்தரமானால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சரி என்று சொல்லிவிடுவேன் என்று அப்பா தீபாவளியைக் கெடுவாக வைத்திருந்தார். ஆக, என் வாழ்க்கை அந்தக் கறுப்புப் பைக்குள் இருந்தது.

அந்த மெஷினுக்கு ஒரு வியாதி. அரை மணி நேரம் ஓடினால் அடிப்பாகம் தோசைக்கல் போலக் காயும். தகரக் கூரைக்குக் கீழே என்றால் இருபது நிமிஷத்தில் தானாகவே அணைந்துவிடும். கஸ்டமர் கேட்டால் என்ன சொல்வது என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "சூடுங்கிற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது. ஆகுமான்னு கேட்டா, ஆகாதுன்னு சொல்லு. அது அணையறதுக்குள்ள டெமோவை முடிச்சிட்டு எழுந்திரு."

ரயிலில் ஒரு வைத்தியம்

வில்லிவாக்கத்தில் ஒரு டெமோ முடிந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கொரட்டூர் தாண்டியதும் தொடை சுட்டது. வெயில் என்று நினைத்தேன். பட்டரவாக்கம் வருவதற்குள் பை முழுதும் சுட்டது. மூடியைச் சாத்தினால் அந்த மெஷின் அணையாது, திரை மட்டும்தான் இருளும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அணைக்காமலே சாத்தி, பைக்குள் போட்டு, ஜிப்பையும் இழுத்திருக்கிறேன். கால் மணி நேரமாக அது உள்ளேயே வெந்துகொண்டிருந்தது.

ஜிப்பைத் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, இன்னாம்மா கொதிக்குது என்று கேட்டார். நான் மூடியைத் திறந்து, பொத்தானைத் தேடி மெஷினை அணைத்தேன். அந்த அம்மா பரிதாபப்பட்டு, கூடையிலிருந்த சொம்பில் கையை நனைத்து, மல்லிகைக்குத் தெளிப்பது போல மெஷின்மேல் தெளிக்க ஓங்கினார். நான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்பத்தூர் வரும்வரை விடவில்லை. இறங்கும்போது அந்த அம்மா மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது: "சூடா கீற பொருளுக்குத் தண்ணி தெளிக்காம இன்னாத்த தெளிப்பாங்க? படிச்ச பொண்ணு மாதிரிதான் கீது."

பாடியில் ஒரு புறங்கை

பாடியில் தேவராஜ் என்பவர் லேத் பட்டறை வைத்திருந்தார். நாலு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பின்பக்கத்திலேயே வீடு. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்திருப்பார். அவரிடம் உருப்படி வாங்குகிற பெரிய கம்பெனி, அளவுக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துவந்து காட்டச் சொல்லிவிட்டது. அதனால் அவருக்கு ஒரு லேப்டாப் நிஜமாகவே தேவைப்பட்டது. நிஜமாகவே தேவைப்படுகிற கஸ்டமர் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

நான் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் திரையையே பார்க்கவில்லை. புறங்கையை மெஷினின் ஓரத்தில் வைத்திருந்தார். லேத்தில் பேரிங் காய்கிறதா என்று அவர் அப்படித்தான் பார்ப்பாராம். சூடாவுமா மேடம் என்று கேட்டார். ஆகாது சார் என்றேன். மேலே தகரம் தகதகவென்று காய்ந்தது. நான் மனசுக்குள் நிமிஷங்களை எண்ணிக்கொண்டே வேகமாகப் பேசினேன். பதினெட்டாவது நிமிஷம் திரை கறுத்தது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். அவர் கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பேட்டரி பூட்ச்சா? சர்தான் மேடம். ரெண்டு நாளு எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

நாலு கட்டளை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர் மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். விஜயதசமிக்கு மறுநாள்தான் வருவார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. தேவராஜை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். மெஷினைப் பாடிக்குக் கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டேன். பீரோவில் வெறும் காற்றை வைத்துப் பூட்டினேன்.

தேவராஜ் வெளியே போயிருந்தார். அவர் மனைவி பவானியிடம்தான் ஒப்படைத்தேன். ஒப்படைக்கும்போது நாலு கட்டளை போட்டேன். திரையில் விரல் படக் கூடாது. எழுத்துக் கட்டைகள்மேல் ஈரம் படக் கூடாது. மூடியில் கீறல் விழக் கூடாது. மேலே பாரம் வைக்கக் கூடாது. பவானி ஒவ்வொன்றையும் என்னோடு சேர்ந்து திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொன்னாள்: "பயப்படாதக்கா. எங்க ஊட்டுக் கொயந்த மாதிரி பாத்துக்கிறேன்."

லீவு

ஆயுத பூஜையன்று வீட்டில் சுண்டல் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் பாடிக்குப் போனேன். பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். உள்ளே லேத், டிரில்லிங் மெஷின், தேவராஜின் மொபெட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அந்த வரிசையின் கடைசியில் ஒரு முக்காலிமேல் எங்கள் டெமோ மெஷின் இருந்தது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள்.

பவானி பெருமையோடு காட்டினாள். நான் சொன்ன ஒன்றையும் அவள் மீறவில்லை. திரையைத் தொடவில்லை, கட்டைகளைத் தொடவில்லை, மூடியைத் தொடவில்லை. பொட்டு வைக்க ஒன்றுமில்லாத இடமாகத் தேடிப் பார்த்திருக்கிறாள். பக்கவாட்டில் சின்னச் சின்னக் கம்பி போட்ட ஒரு சந்து தெரிந்திருக்கிறது. அங்கே சந்தனத்தைக் குழைத்து, கெட்டியாக, மனதார அப்பியிருக்கிறாள். நடுவில் குங்குமம்.

அதுதான் உள்ளே இருக்கிற விசிறி அனலை வெளியே தள்ளுகிற வாசல். அந்த மெஷினுக்கு இருந்த ஒரே மூக்கு. கட்டளை போட்டபோது அந்தச் சந்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சூட்டைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டுமே. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம், ஒரு நிமிஷம் துடைத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். பவானி குறுக்கே வந்து நின்றாள். "இன்னிக்கி எந்த மிஷினையும் தொடக் கூடாதுக்கா. மறுபூஜ முடிஞ்சாதான். லேத்துக்கு லீவுன்னா அதுக்கும் லீவுதான்."

வெர்னியர்

விஜயதசமி காலையில் ஆறு மணிக்கெல்லாம் பட்டறையில் நின்றேன். மறுபூஜை முடிந்து கற்பூரம் காட்டியதும் தேவராஜ் மெஷினை எடுத்தார். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அவர் காற்றடிக்கிற கம்ப்ரெசர் குழாயைக் கையில் எடுத்ததும், வேண்டாம், தூளெல்லாம் உள்ளே போய்விடும் என்று தடுத்தேன். பிறகு ஊசியால் மெல்லக் குத்தி, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, மெஷினைச் சாய்த்துப் பிடித்துத் தூளை வெளியே விழவைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பவானி கதவோரத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பொத்தானை அழுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விசிறி கரகரவென்று இருமியது. திரையில் வெளிச்சம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். இது சூடாகும், அன்றைக்கு அணைந்தது சூட்டினால்தான், பேட்டரி என்றது பொய், இங்கே விட்டுப் போனது மேனேஜருக்குத் தெரியாது. உங்கள் தகரக் கூரைக்கு இந்த மாடல் வேண்டாம், இன்னொன்று இருக்கிறது, கனமானது, தடியானது, பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் அனலைப் பின்பக்கமாக விடும். என் வீட்டுக்கு என்றால் அதைத்தான் வாங்குவேன், அதையும் மெத்தைமேலோ துணிமேலோ வைக்க மாட்டேன் என்றேன்.

தேவராஜ் மெஷினை அணைத்துக் கவிழ்த்தார். வெர்னியரை எடுத்து மெஷினின் அடிப்பாகத்தை அளந்தார். நீளம், அகலம், அடியிலிருந்த ரப்பர்க் குமிழின் உயரம். ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "நாளிக்கி பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வர்றேன் மேடம். ஒங்க மேனேஜரப் பாக்கணும்."

மேனேஜரின் டெமோ

சொன்னபடி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. கஸ்டமரைக் கண்டதும் மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை, தானே டெமோ காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். மெஷின் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும். விசிறி சுற்றியது. கோயில் கர்ப்பக்கிரகத்தைத் திறந்த மாதிரி ஆபீஸ் முழுக்கச் சந்தனம் மணந்தது.

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். என் நெற்றியைப் பார்த்தார், அதில் ஸ்டிக்கர் பொட்டுதான் இருந்தது. தேவராஜின் நெற்றியைப் பார்த்தார், திருநீறுதான் இருந்தது. மெஷினைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். தேவராஜ் புறங்கையை மெஷினின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, சூடாவுமா சார் என்று கேட்டார். ஆகவே ஆகாது என்றார் மேனேஜர். அனல் ஏற ஏற வாசனையும் ஏறியது. பத்து நிமிஷம். பதினைந்து. உள்ளே இன்னும் சந்தனத் தூள் ஒட்டியிருக்கிறது, இதோ அணையப் போகிறது, அதோடு என் வேலையும் அணையப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

டங் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். தேவராஜ் மஞ்சப்பையிலிருந்து ஓர் அலுமினியத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். நாலு கால், உடம்பெல்லாம் டிரில்லில் போட்ட ஓட்டை, விளிம்பெல்லாம் பிசிறில்லாமல் அரம் போட்டது. மெஷினைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார். அளவு மயிரிழை பிசகவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, அணையவில்லை. தேவராஜ் கையை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்: "நீங்க ஆவாதுன்றீங்க. இந்தப் பொண்ணு ஆவும்னு சொல்லிச்சி. என் கையும் ஆவும்னுதான் சொல்லுது. அந்தத் தடி மாடல் ஒண்ணு குடுங்க, ஆனா பில்லுல இவுங்க பேரு இருக்கணும்."

அவர் போன பிறகு மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாவது நாள், வேலை நிரந்தரம் என்ற கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பாடிக்காரர் அந்த மாதிரி இருபது ஸ்டாண்டு செய்து தருவாரா என்று கேட்டார். அப்பா வரன் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பிறகு எத்தனையோ பேருக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டேன், சூடாகும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். ஆனாலும் இன்றைக்கும் எங்காவது சந்தனம் மணந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது, நான் மட்டும் வேலை போய்விட்டதோ என்று மேனேஜரைத் தேடுகிறேன்.