படகின் தார்ப்பாய்

கோடை விடுமுறை முடிந்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடைகளைப் பிரிக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலமும் இன்றோடு சரி. நான் உட்கார்ந்திருக்கும் பஜ்ஜிக் கடைக்கு மட்டும் இன்னும் நிழல் இருக்கிறது. மேலே கட்டியிருப்பது கடைக்காரம்மா செல்வியுடைய கணவரின் படகுத் தார்ப்பாய்.

“நீங்க பிரிக்கலையா?” என்கிறேன்.

“இந்தப் பாய் போனாதான் சார் படகு கெளம்பும். போன வருசம் மொத நாளே நடுக்கடல்ல இன்ஜின் நின்னுடுச்சி. மூணு நாளு அவரு வரல.” கடல் பக்கம் திரும்பாமலே கரண்டியால் எண்ணெயைக் கிளறுகிறார்.

கணவர் வந்து கூரைக் கயிற்றில் கை வைக்கிறார்.

“கஸ்டமர் சாப்புடறாருல்ல? இருய்யா!”

கணவர் என் தட்டைப் பார்க்கிறார். அது காலி. எனக்கோ வயிறு முட்டிவிட்டது.

“இன்னொரு பிளேட் போடுங்க” என்கிறேன்.