தாலியும் மாப்பிள்ளையின் கிரேக்கப் பெயரும்

போன வருடம் என் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் நகையே போடாத சபை. எங்கள் சபையில் சிலுவை பொறித்த தாலி கட்டுவோம். இறந்துபோன என் மனைவியின் தாலியை உருக்கித்தான் மகளுக்குத் தாலி செய்வது என்று நான் முடிவே செய்து வைத்திருந்தேன்.

கல்யாணப் பேச்சுக்காக ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். என் வாயை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பெடுத்துக் கெட்டுப்போன வாய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று வழிநெடுக எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

அவர்கள் வீட்டில் கொடுத்த காபி ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்துவிட்டார். “தாலி வேண்டாம் அண்ணாச்சி. அது புறஜாதி வழக்கம். அந்தக் காலத்து யூதர் அடுத்தவன் வழக்கத்தைத் தொட்டுருப்பாங்களா?”

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. கிரேக்கர் ஆட்சிக்குப் பிறகு யூதர் பலர் கிரேக்கம் பேசியதை, வேதத்தையே கிரேக்கத்தில் பெயர்த்து வாசித்ததை, கிரேக்கரைப்போலச் சாய்ந்து படுத்து விருந்துண்டதை அடுக்கினேன். கிரேக்க வழக்கம் வேண்டாமென்று வாளெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளே கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டதையும் சொன்னேன். அதோடாவது நிறுத்தினேனா?

“இயேசுவோட சீடர்ல ரெண்டு பேருக்குக் கிரேக்கப் பேருதான். அதுல ஒண்ணத்தான் உங்க மகனுக்கு வச்சிருக்கீய” என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று எழுந்துவிட்டார்.

மூன்று நாளாகப் போன் இல்லை. நான் வேலை பார்க்கும் மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் மணி அடிப்பதுபோலவே இருந்தது. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மகள் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று பயந்து செத்தேன்.

நான்காம் நாள் காலை அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே, கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசியிருக்கிறேன் என்று அவள் மெச்சுவாள் என்றொரு நப்பாசை வேறு. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

“தாலி வேண்டாம்னு நான் அவியகிட்ட போன மாசமே சொல்லிட்டேன்ப்பா. அம்மா தாலிய உருக்க எனக்கு மனசு வரல. அது அப்படியே இருக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

தாலி வேண்டாம் என்று சொல்லிவிடப் போனை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.